பூஜ்யம் போட்ட கட்டம்: வண்டியை மாற்றினால் இன்சூரன்ஸில் என்ன நடக்கிறது?

கார் இன்சூரன்ஸை ஆன்லைனில் புதுப்பிக்கும்போது நடுவில் இரண்டு கட்டங்கள் வரும். வண்டியில் கூடுதலாக மாட்டிய மின்சாதனங்களின் மதிப்பு எவ்வளவு என்று ஒன்று கேட்கும். மின்சாரம் தேவைப்படாத கூடுதல் பொருட்களின் மதிப்பை இன்னொன்று கேட்கும். இரண்டிலும் முன்கூட்டியே 0 என்று இருக்கும். நாம் அதைத் தொடாமல் கீழே போய்ப் பணத்தைக் கட்டிவிடுவோம். எங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஏஜென்ட்டாக நான் புதுப்பித்துக் கொடுத்த பாலிசிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் அந்தப் பூஜ்யம்தான் இருந்தது. வாசலில் நின்ற வண்டிகளில் அலாய் வீல், எல்இடி விளக்கு, டிக்கியில் சப்வூஃபர் என்று எல்லாம் இருந்தது.

எங்கள் ஊர் இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில். வீட்டில் பேசுவது தமிழ். வண்டி நம்பர் கேஎல் 70. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர், கோபாலபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சி. அதனால் வண்டிக்கு அலங்காரம் செய்வதெல்லாம் தமிழ்நாட்டுக் கடைகளில், பிடிபட்டால் அபராதம் கட்டுவது கேரளத்தில். இந்த இரண்டுக்கும் நடுவில் இன்சூரன்ஸைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

கேட்பவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “அலாய் போட்டா பிரீமியம் எவ்வளவு ஏறும்?” இங்கிலாந்துக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்த பயம் அது. அங்கே ஒவ்வொரு மாற்றத்தையும் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும், சொன்னால் பிரீமியம் ஏறும். நம் ஊர்க் கணக்கு வேறு. இங்கே ஏறுவது மிகக் குறைவு. ஆனால் சொல்லாமல் விட்டால் இழப்பது மிக அதிகம். இந்த வித்தியாசத்தைப் புரியவைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாலிசியின் இரண்டு பாகங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தேர்ட் பார்ட்டி என்பது நம் வண்டியால் மற்றவருக்கு வரும் பாதிப்புக்கு. அதன் கட்டணத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி தனியார் காரில் 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். நீங்கள் வண்டிக்கு என்ன மாட்டினாலும் இந்தத் தொகை அசையாது. சிஎன்ஜி, எல்பிஜியில் ஓட வைக்கும் கேஸ் கிட் போட்டால் மட்டும் கூடுதலாக 60 ரூபாய்.

ஏறி இறங்குவது ஓன் டேமேஜ், அதாவது நம் சொந்த வண்டிக்கான பாகம். ஐடிவி என்று பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பின் மேல் ஒரு சதவீதமாக இதைக் கணக்கிடுகிறார்கள். 2002-ல் வந்த இந்திய மோட்டார் கட்டண அட்டவணைதான் இதற்கு அடிப்படை. சென்னை, பெங்களூரு போன்ற எட்டு பெருநகரங்கள் ஏ மண்டலம், பாலக்காடும் கோயம்புத்தூரும் உட்பட மற்ற ஊர்கள் பி மண்டலம். பி மண்டலத்தில் ஐந்து வருடத்துக்கு உட்பட்ட 1000 முதல் 1500 சிசி காருக்கு விகிதம் 3.191 சதவீதம். 2007 ஜனவரி 1 முதல் கம்பெனிகள் தங்கள் விருப்பப்படி தள்ளுபடி தரலாம் என்று ஆனதால் கையில் வரும் தொகை இதைவிடக் குறைவாகவே இருக்கும். எலும்புக்கூடு மட்டும் இன்றும் பெரும்பாலும் அந்த அட்டவணைதான்.

இப்போது அந்த இரண்டு கட்டங்களுக்கு வருவோம். கார் கம்பெனி விலையில் சேராத மியூசிக் சிஸ்டம், ஆம்ப்ளிஃபயர், கூடுதல் விளக்கு போன்றவற்றுக்கு அட்டவணைப்படி அவற்றின் மதிப்பில் 4 சதவீதம். வெளியில் மாட்டிய சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட்டுக்கும் அதே 4 சதவீதம். அலாய் வீல், சீட் கவர் போன்றவற்றை வண்டி மதிப்போடு சேர்த்து வண்டியின் விகிதத்திலேயே கணக்கிடுவார்கள். 40,000 ரூபாய் அலாய் வீலுக்கு 3.191 சதவீதம் என்றால் 1,276 ரூபாய், தள்ளுபடிக்கு முன்னால். 50,000 ரூபாய் கேஸ் கிட்டுக்கு 2,000 ரூபாயும் அந்த 60 ரூபாயும். இவ்வளவுதான் ஏற்றம். நாலு சக்கரத்துக்கும் அலாய் போட்டவருக்கு இது பெரிய காசா?

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் தெருவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். கார் வாங்கிய மறு மாதமே கோயம்புத்தூரில் ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் மாட்டினார். ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்குப் போன் வந்தது. “தம்பி, கொஞ்சம் வாங்க, டேஷ்போர்டுல புகை வருது” என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் முன்பக்கம் முழுக்கத் தீப்பிடித்துவிட்டது. அண்ணனும் அண்ணியும் தள்ளி நின்றிருந்தார்கள், அது ஒன்றுதான் நிம்மதி.

நாலாம் நாள் ஒர்க்‌ஷாப்பில் சேதத்தை மதிப்பிட சர்வேயர் வந்தார். கருகிய பானட்டுக்குள் டார்ச் அடித்து, பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒரு தடித்த ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே போனார். அது எஞ்சினுக்கும் உட்பகுதிக்கும் இடையிலிருக்கும் தகட்டில் போட்ட ஓட்டை வழியாக உள்ளே போயிருந்தது. அந்த ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பு ஒயரின் மேல்தோலை மாதக்கணக்காக அறுத்திருக்கிறது. பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஃபியூஸும் இல்லை. “இது கம்பெனி ஒயர் அல்லல்லோ சேட்டா” என்றார் அவர், கார் கம்பெனி போட்ட ஒயர் இல்லையே என்று. அண்ணன் பதில் சொல்லவில்லை.

பத்து ரூபாய் ரப்பர் வளையமும் ஒரு ஃபியூஸும் இருந்திருந்தால் அந்தக் கார் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். கார் பேட்டரி 12 வோல்ட்தானே என்று நினைக்கிறோம். அது ஷார்ட் ஆனால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும் வலு உடையது. தடித்த ஒயர் அதைத் தாங்கும், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாங்காது. ஹெட்லைட்டிலும் இதே கதைதான். கம்பெனி பல்ப் 60/55 வாட் என்றால் ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். அந்த இடத்தில் 100/90 வாட் பல்பைச் செருகினால் 8 ஆம்பியருக்கு மேல். தனி ஒயரும் ரிலேயும் போடாமல் இப்படிச் செய்தால் முதலில் ஹோல்டர் உருகும், பிறகு சுவிட்ச். அதற்குப் பரிகாரமாகப் பெரிய ஃபியூஸ் போட்டுக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. அதைவிட ஆபத்தான வேலை வேறில்லை.

அண்ணனின் கிளெய்மைக் கம்பெனி முதலில் முழுதாகவே நிராகரித்தது. அனுமதியில்லாத மாற்றம், தெரிவிக்கப்படாத பொருள், தீயே அதிலிருந்துதான் என்றார்கள். மூன்றில் எதையும் மறுக்க முடியவில்லை. இன்சூரன்ஸ் என்பது உள்ளதை உள்ளபடி சொல்லிச் செய்துகொள்ளும் ஒப்பந்தம். கம்பெனி நம் வண்டியை வந்து பார்க்காது, நம் சொல்லை நம்பித்தான் பாலிசி தருகிறது. அந்தச் சொல் பூஜ்யமாக இருந்தால் பிறகு வாதாட நம்மிடம் ஒன்றும் இல்லை.

ஆனாலும் எல்லாக் கதவும் அடைபட்டுவிடாது. நிபந்தனை மீறல் இருந்தாலும் அது அடியோடு ஒப்பந்தத்தை உடைக்கும் அளவில் இல்லையென்றால் 75 சதவீதம் வரை கொடுத்துத் தீர்க்கும் வழக்கம் உண்டு. ‘நான் ஸ்டாண்டர்டு’ தீர்வு என்பார்கள். தனிப்பட்ட உபயோகத்துக்கான பாலிசியில் இருந்த வண்டியை வாடகைக்கு ஓட்டிய அமலேந்து சாகு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான் பணம் கொடுக்கச் சொன்னது. மாற்றத்துக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றால் இந்த வாதம் வலுவாக நிற்கும். பின்னாலிருந்து லாரி இடித்ததற்கும் நாம் போட்ட சீட் கவருக்கும் என்ன சம்பந்தம்? அண்ணனுக்கு இருந்த சம்பந்தம் கண்ணெதிரே கருகிக் கிடந்தது. ஏழு மாதம் கடிதம் எழுதி, கடைசியில் ஒரு பகுதிதான் கிடைத்தது. ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பைசா இல்லை.

எழுதிக் கேட்டும் கம்பெனி மறுத்தால், அல்லது ஒரு மாதம் பதிலே வராவிட்டால், இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்து வைக்கும் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கேரளத்துக்குக் கொச்சியிலும் தமிழ்நாட்டுக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நிராகரிப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். எங்கள் பக்கம் இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமல் விட்டுக்கொடுத்தவர்கள் பலர்.

சரி, எல்லாவற்றையும் கம்பெனியிடம் சொல்லிவிட்டால் போதுமா? போதாது. அங்கேதான் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சி வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இதைப் பற்றிய முக்கியமான தீர்ப்பு ஒரு கேரள வழக்கில்தான் வந்தது. கேரள விதிகளைக் காட்டிச் சில மாற்றங்களைச் செய்யலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே வருடம் திருத்தப்பட்ட சட்டத்தில் 182ஏ பிரிவு புதிய வடிவில் வந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நாலு மாற்றம் என்றால் 20,000.

“தமிழ்நாட்டுல யாரும் கேக்கறதில்லைங்க” என்று எங்கள் பக்கத்துப் பையன்கள் சொல்வார்கள். இது மத்தியச் சட்டம், எல்லையில் இருக்கும் வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றேதான். கேரளத்தில் பார்வை கூர்மையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2022 அக்டோபரில் எங்கள் மாவட்டத்திலேயே, வடக்கஞ்சேரியில், பள்ளிப் பிள்ளைகளை ஊட்டிக்கு அழைத்துப் போன சுற்றுலாப் பேருந்து கோயம்புத்தூருக்குப் போன அரசுப் பேருந்தின் பின்னால் மோதி ஒன்பது பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் கண் கூசும் விளக்கும் மாற்றிய பாகமுமாக ஓடிய வண்டிகளின் மேல் சோதனை இறுகியது. அந்த ஒன்பது பேரை நினைக்கும்போது இந்தக் கண்டிப்பை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

இன்சூரன்ஸுக்கு இதில் என்ன? சட்டப்படி செய்யக் கூடாத மாற்றத்துக்குப் பிரீமியம் வாங்கிக்கொண்டு பாதுகாப்புத் தர எந்தக் கம்பெனியாலும் முடியாது. கேஸ் கிட் ஆர்சியில் ஏறாமல் பாலிசியில் ஏறாது. சிஎன்ஜி சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதனைச் சான்றும் வேண்டும். நிறம் மாற்றினால் ஆர்சியில் எழுத வேண்டும். எஞ்சின் கணினியைத் திருத்தி வேகம் கூட்டுவது, சைலன்சரை மாற்றுவது, வெளியே பிதுங்கும் டயர் போடுவது இவற்றுக்கெல்லாம் ஆர்சியிலும் இடமில்லை, பாலிசியிலும் இடமில்லை. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிக்கும் அப்படித்தான். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின் விசையை மடங்கி உறிஞ்ச வேண்டிய முன்பகுதியைத் தாண்டி அந்தக் கம்பி நேராகச் சேஸிக்குக் கடத்திவிடுகிறது, ஏர்பேக் சென்சார் உணரும் நேரமும் தப்பிப்போகிறது. குறுக்கே வரும் பாதசாரிக்கோ அது இரும்பு உலக்கை.

அந்தப் பாதசாரிக்குத் தேர்ட் பார்ட்டி பணம் கிடைக்குமா என்று கேட்பார்கள். கிடைக்கும். சட்டத்தின் 150-வது பிரிவு கம்பெனி தப்பிக்கக் கூடிய காரணங்களைக் குறுக்கி வைத்திருக்கிறது, மாற்றம் செய்தது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் முக்கியமான விஷயத்தை மறைத்துப் பாலிசி வாங்கியது அந்தப் பட்டியலில் உண்டு. அதனால் சில வழக்குகளில் நீதிமன்றம், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுகிறது. உயிரிழப்பு வழக்குகளில் அந்த வசூல் லட்சக்கணக்கில் வரும். தோப்பை விற்றுக் கட்ட வேண்டிய தொகை அது.

டயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் நெல்லியாம்பதி மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர்கள் அதிகம். 235/70 ஆர்16 டயரின் விட்டம் ஏறக்குறைய 735 மில்லிமீட்டர். அந்த இடத்தில் 31 அங்குல டயர் போட்டால் 787. ஏழு சதவீதம் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 86 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, பிரேக்குக்கும் அந்த அளவுக்குச் சுமை கூடுகிறது. விபத்துக்குப் பிறகு சர்வேயர் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணை முதலில் போட்டோ எடுப்பது இதனால்தான். சாதாரணக் காரில் 185/65 ஆர்15-க்குப் பதில் 205/55 ஆர்16 போட்டால் வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குள் நிற்கும். அதே மாடலின் உயர்ந்த ரகத்தில் கார் கம்பெனியே தரும் அளவைத் தேர்ந்தெடுத்தால் தகராறே இல்லை. டயருக்கு மட்டும் சேதம் என்றால் பாலிசியில் பணம் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். வண்டிக்கும் சேர்ந்து அடிபட்டால்தான் வரும், அதுவும் பாதி.

பாதி என்றதும் இன்னொன்று. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும் ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதமும் தேய்மானம் கழிப்பார்கள். 30,000 ரூபாய் பிளாஸ்டிக் பாடி கிட்டை முறையாகத் தெரிவித்திருந்தாலும் உடைந்தால் கையில் வருவது 15,000, அதிலும் ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவாக 1500 சிசி வரை 1,000 ரூபாய் போகும். ஐந்து வருடம் கிளெய்மே இல்லாமல் சேர்த்த 50 சதவீத என்சிபி தள்ளுபடியும் அந்த ஒரு கிளெய்மில் காலி. சின்னச் சேதத்துக்குக் கைக்காசைப் போட்டுக்கொள்வதே மேல்.

கார் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிமைப் பற்றியும் கேட்பார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. விதிகள் 2021 ஏப்ரலில் மாறின, அதன்பின் முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் ஒளி ஊடுருவும் தரத்தில் இருந்தால் ஒட்டலாம் என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கறுப்பாக ஒட்டுவதற்கு இது அனுமதி இல்லை.

பிரீமியத்தைக் குறைக்கும் மாற்றங்களும் உண்டு. வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏஆர்ஏஐ அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவிக்கு ஓன் டேமேஜில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். இது சின்னது. பெரியது வேறு. மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்காகக் கையால் இயக்கும் பிரேக், ஆக்சிலரேட்டர் என்று மாற்றி அமைத்து, அதை ஆர்சியிலும் பதிந்த வண்டிக்கு ஓன் டேமேஜில் 50 சதவீதம் கழிவு அந்த 2002 அட்டவணையிலேயே இருக்கிறது. சித்தூரில் இப்படி மாற்றிய வண்டி ஓட்டும் ஒரு அக்கா நாலு வருடம் முழுத் தொகை கட்டியிருந்தார். அவரிடம் யாருமே சொல்லவில்லை. ஆர்சி நகலை வைத்துக் கேட்டதும் அடுத்த பாலிசியில் கழிவு கிடைத்தது, கட்டிய நாலு வருடம் போனது போனதுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது இது பொருந்தினால் இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக பில். கோயம்புத்தூர்க் கடைகளில் வெள்ளைச் சீட்டில் தொகை எழுதிக் கொடுப்பார்கள், ஜிஎஸ்டி பில் கேட்டால் 18 சதவீதம் கூடும் என்பார்கள். அந்த 18 சதவீதத்தை மிச்சப்படுத்தியவர்களால் பிறகு மதிப்பை நிரூபிக்க முடிவதில்லை. பொருளின் பெயர், மாடல், வண்டி நம்பர் எழுதிய முறையான பில்லும் மாட்டிய பின் எடுத்த போட்டோவும் இருந்தால் போதும். பாலிசி முடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம். நடுவிலேயே எழுதிக் கொடுத்து, மீதி நாட்களுக்கு மட்டும் பணம் கட்டி என்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியின் திருத்தத் தாள், வாங்கலாம். அந்தத் தாள் வந்த பிறகுதான் அது பாதுகாப்பு. ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது, என்னிடம் சொன்னதும் உட்பட.

அண்ணன் இந்த வருடம் வேறு கார் வாங்கினார். பாட்டுப் பிரியர், மியூசிக் சிஸ்டம் இல்லாமல் அவரால் முடியாது. இந்த முறை கார் டீலரிடமே மாட்டினார். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஃபியூஸ் இருக்கிறதா என்று பானட்டைத் திறந்து அவரே பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். பாலிசி போடும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, பில்லைப் பார்த்து, முதல் கட்டத்தில் இருந்த பூஜ்யத்தை அழித்துவிட்டு 46,000 என்று அடித்தார். 4 சதவீதம் 1,840 ரூபாய், ஜிஎஸ்டியோடு 2,171.